பிராந்தி வாங்கிய நாள்

செத்துப்போனவனுக்கு என்ன சரக்கு படைப்பது என்பதில் ஜெகதீசனுக்குக் குழப்பமே இல்லை. பிராந்திதான். இந்த விஷயத்தில் அவனைவிட விவரம் தெரிந்தவர்கள் திருவொற்றியூர் குப்பத்தில் கிடையாது. ஆனாலும் பங்குனி மாத மத்தியான வெயிலில் அரைமணி நேரம் வரிசையில் நின்று, மதுக்கடைக் கம்பிவலைக்கு முன்னால் தன் முறை வந்தபோது, அந்த ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வர மறுத்தது.

"நைனா, இன்னா பொண்ணு பாக்க வந்துகிறியா? சொல்ட்டு நவுரு," என்று பின்னால் நின்றவன் முதுகில் தட்டினான்.

மறுநாள் பகலவனின் முதல் வருஷப் படையல். பகலவனும் ஜெகதீசனும் ஒரே தெரு, ஒரே வயசு, இருபத்திரண்டு வருஷம் ஒரே பைபர் படகு. செத்தவர் உயிரோடு இருந்தபோது எதையெல்லாம் ஆசைப்பட்டாரோ அதையெல்லாம் கடலோரத்தில் இலைபோட்டு வைப்பது அந்தக் குப்பத்து வழக்கம். வறுத்த மீன் இருக்கும், பீடிக்கட்டு இருக்கும், குடித்தவராக இருந்தால் அதுவும் இருக்கும். உயிரோடு இருந்தவரை எந்தச் சரக்குக்காக அவரைத் திட்டித் தீர்த்தார்களோ, அதையே செத்தபிறகு மரியாதையோடு எடுத்து வைப்பார்கள். அதில் யாருக்கும் வெட்கம் கிடையாது.

அதை வாங்கிவரும் பொறுப்பை ஜெகதீசனிடம் கொடுத்தவர் பகலவனின் அண்ணன் பொன்னுரங்கம். நாலு நாளைக்கு முன்னாடியே வந்து சொல்லிவிட்டார். "கண்ணாடி பாட்டில கடலோரம் வெச்சா போலீஸ்காரன் வந்து நிப்பான் ஜெகா. தம்பியோட ஸ்டீல் பாட்டிலு உங்கிட்டதானே கீது, அதுல ஊத்தி எடுத்துனு வா. அவனுக்கு இன்னா புடிக்கும்னு உனக்கா நான் சொல்லணும்?"

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார்.

"பிராந்தி, ஒரு குவார்ட்டரு," என்றான் ஜெகதீசன் கடைசியில். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கி லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டான். இதே ஜன்னலில், இதே வார்த்தையை, ஒன்றேகால் வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவன் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்குச் சொல்லவேண்டிய அவசியமே வந்திருக்காது.

குப்பத்தில் குடியைப் பற்றிக் கேட்டால் ஒருத்தரும் நல்ல வார்த்தை சொல்லமாட்டார்கள். ஆனால் எதைக் குடிக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள், பட்டிமன்றமே வைப்பார்கள். அதிலும் படகில் கையோடு எதை எடுத்துப் போவது என்பது தனி சாஸ்திரம். பீர் ஆகாது, அலை ஆட்டத்தில் பொங்கிவிடும். ஓட்காவில் வாடை வராது, வீட்டில் மாட்டாமல் தப்பிக்கலாம். ஆனால் தண்ணீர் மாதிரி இருப்பதால் குடித்தோமா இல்லையா என்ற சந்தேகத்திலேயே இன்னொரு மூடி உள்ளே போய்விடும். விஸ்கியை ஸ்டீலில் ஊற்றி வெயிலில் வைத்தால் மருந்து வாடை அடிக்கும். ரம் உடம்புக்குச் சூடு. பிராந்தி ஒன்றுதான் குளிருக்கு மருந்து. பிள்ளை பெற்றவளுக்கே ஒரு மூடி கொடுத்த ஊரில் அதைச் சாராயம் என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? இதில் எது நிஜம் என்று ஒரு டாக்டரிடம் கேட்டால் செருப்பைத் தேடுவார். அது வேறு விஷயம்.

அந்த ஸ்டீல் பாட்டிலைப் பகலவன் பர்மா பஜாரில் வாங்கினான். உள்ளங்கை அகலம், இடுப்பில் செருகினால் உடம்போடு ஒட்டி உட்காரும் வளைவு, முன்பக்கம் ஒரு நங்கூரம், தொலையாமல் இருக்க மூடியை ஒட்டி ஒரு கொக்கி. சரியாக ஒரு குவார்ட்டர் கொள்ளும். வாங்கி வந்த நாளிலிருந்து அது அவன் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. அவன் பெண்டாட்டி ஜெயஸ்ரீ அதற்கு வைத்த பெயர் 'சக்களத்தி'. "தாலி கட்டினவ வூட்ல கீறேன், அவ மட்டும் இடுப்புல குந்திக்கினு ஊரெல்லாம் சுத்துறா," என்பாள். கோபமாகச் சொன்ன நாளும் உண்டு, சிரித்துக்கொண்டே சொன்ன நாளும் உண்டு.

விடிவதற்கு முன் படகைத் தள்ளிக்கொண்டு போய், எண்ணூர்ப் பக்கம் நிலக்கரிக் கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கும் இடத்துக்குக் கரைப்பக்கமாகவே வலையை விட்டுவிட்டு, இருவரும் உட்காருவார்கள். முதல் மூடி கடலுக்கு. அடுத்தது ஆளுக்கு ஒன்று. அதற்குப் பிறகு பகலவன் பேச ஆரம்பிப்பான். அப்படி ஒரு பேச்சுக்காரன்! கவுன்சிலரிலிருந்து கானாங்கெளுத்தி மீன் வரைக்கும் அவனிடம் எல்லாவற்றுக்கும் ஒரு கதை இருக்கும், ஒரு நக்கல் இருக்கும். சிரித்துச் சிரித்து ஜெகதீசன் வலையைத் தூக்கவே மறந்துபோன காலைகள் உண்டு. ஜெகதீசன் அதிகம் பேசத் தெரியாதவன். வீட்டில் பெண்டாட்டி செல்லம்மா நாலு கேள்வி கேட்டால் இரண்டுக்குப் பதில் சொல்வான். அவன் வாழ்க்கையில் சுவாரசியம் என்று ஒன்று இருந்தால் அது அந்தப் படகில் பகலவன் பேசிய மூன்று மணி நேரம்தான்.

பிறகு ஒருநாள் பகலவன் ரத்தமாக வாந்தி எடுத்தான். பெரியாஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தான். ஈரல் பாதி போய்விட்டது, இனிமேல் உள்ளே போகிற ஒவ்வொரு சொட்டும் விஷம் என்று டாக்டர் சொன்னபோது, கட்டிலுக்கு ஒருபக்கம் ஜெயஸ்ரீ நின்றாள், மறுபக்கம் ஜெகதீசன் நின்றான். பகலவன் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான். செய்ததைக் காப்பாற்றவும் செய்தான். குப்பத்தில் யாரும் நம்பவில்லை, பொன்னுரங்கமே நம்பவில்லை. ஒரு மாதம் போனது, மூன்று மாதம் போனது, ஆள் பன்னீர் சோடாவைத் தவிர வேறெதையும் தொடவில்லை. கன்னத்தில் சதை பிடித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே அவன் அந்தப் பாட்டிலை ஜெகதீசனிடம் கொடுத்துவிட்டான். "எங்கையில இருந்தா குடி நிக்காது மாமு. தூக்கிப் போடவும் மனசு வரல. நீயே வெச்சிக்கோ."

உடம்பு தேறி மறுபடி படகுக்கு வந்த நாளில் ஜெயஸ்ரீ கரைவரைக்கும் கூட வந்தாள். "ணா, உன்ன நம்பித்தான் அனுப்புறேன்," என்றாள் ஜெகதீசனிடம்.

நல்ல சிநேகிதனாக இருந்தால் அன்றைக்கே தானும் குடியை விட்டிருக்க வேண்டும். ஜெகதீசனால் முடியவில்லை. ஆனால் தன்னால் முடிந்த ஒன்றைச் செய்தான். பிராந்தியை விட்டுவிட்டு ரம்முக்கு மாறினான். பகலவனுக்கு ரம் வாடையே ஆகாது. காசிமேட்டில் ஒரு கல்யாணத்தில் யாரோ ஊற்றிக் கொடுத்ததைக் குடித்துவிட்டுப் பந்தலிலேயே வாந்தி எடுத்தவன் அவன். அதற்குப் பிறகு ரம் பாட்டில் திறந்த பக்கம்கூட மூச்சு விடமாட்டான். ஜெகதீசனுக்கும் ரம் ஒத்துக்கொள்ளாது, நெஞ்சு எரியும். இருந்தாலும் அதைத்தான் பாட்டிலில் நிரப்பினான். படகில் எஞ்சின் ஓரமாகப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு மூடி குடித்துவிட்டு வாயைக் கடல்தண்ணீரில் கொப்பளித்துவிட்டு வருவான். இது ஜெயஸ்ரீக்கும் தெரியும். "அண்ணன் என் வூட்டுக்காரருக்காக ரம்மு குடிக்குது," என்று செல்லம்மாவிடம் சொல்லி இருவரும் சிரித்திருக்கிறார்கள். உலகத்தில் எவனும் செய்யாத தியாகம்தான், சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் அது தியாகம்தான். அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது.

ஒன்றை மட்டும் யாரும் எதிர்பார்க்கவில்லை. குடியோடு பகலவனின் பேச்சும் நின்றுபோனது. வலையை விடுவான், உட்காருவான், தண்ணீரைப் பார்ப்பான். கேட்டால் 'உம்' என்பான். ஜெகதீசன் அவன் வாயைக் கிளறுவதற்கு என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். கோயில் திருவிழாவில் நடந்த சண்டையைக்கூடச் சொன்னான். பகலவன் தலையை ஆட்டினான், அவ்வளவுதான். நெஞ்செரிச்சலோடு தனியாக ரம் குடித்துக்கொண்டு, பேசாத ஒருவனோடு மூன்று மணி நேரம் நடுக்கடலில் உட்காருவது எப்படி இருக்கும்? தோஸ்து உயிரோடு இருக்கிறான் என்று சந்தோஷப்பட வேண்டியதுதான் நியாயம். ஜெகதீசனும் தன்னிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டான். ஒரு மார்கழி மாதம் வரைக்கும் சொல்லிக்கொண்டான்.

அந்த மார்கழியில் ஒரு சாயங்காலம் கடை ஜன்னலுக்குப் போனபோது, கடைக்காரர் கேட்காமலேயே ரம்மை எடுத்து நீட்டினார். ஜெகதீசன் கையை நீட்டவில்லை.

"பிராந்தி குடு."

"இன்னா நைனா, ரூட்ட மாத்திட்டே?"

"ஜல்பு புடிச்சிக்கிச்சு," என்றான் ஜெகதீசன்.

அவனுக்கு ஜலதோஷமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கேட்டவர் யாரோ ஒரு கடைக்காரர். அவரிடம் பொய் சொல்லவேண்டிய தேவையே இல்லை. அப்படியும் பொய் சொன்னான் என்றால், எதற்காக வாங்குகிறோம் என்று அவனுக்கு அப்போதே தெரிந்திருந்தது என்றுதானே அர்த்தம்? பிற்பாடு எத்தனையோ விதமாக யோசித்து, எத்தனையோ சமாதானம் தேடிப் பார்த்துவிட்டான். அந்த ஜலதோஷத்தைத் தாண்டி அவனால் ஓரடி எடுத்துவைக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் கடற்சுவருக்காகக் கொட்டிய கல்லில் வலை மாட்டிக்கொண்டது. பகலவன்தான் நன்றாக மூழ்குவான். இரண்டு முறை உள்ளே போய் வலையை விடுவித்துவிட்டு அவன் மேலே வந்தபோது வாடைக்காற்று சுழற்றி அடித்தது. பல் கிட்டி, உதடு வெளுத்து, துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கினான். ஜெகதீசன் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தான். ரம் வாடை வரவில்லை. பகலவன் நிமிர்ந்து பார்த்தான்.

வேண்டாம் என்றான். ஜெகதீசன் விடவில்லை. அதற்குப் பிறகு இருவருக்கும் நடந்த பேச்சை ஜெகதீசன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, செல்லம்மாவிடம்கூட. கடைசியில் பகலவன் ஒரு மூடி குடித்தான். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். அப்புறம் இன்னொரு மூடி அவனே கேட்டு வாங்கினான். கால்மணி நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டான். வலையைப் பிடித்த கல்லைப் பற்றியும், அந்தக் கல்லுக்கு டெண்டர் எடுத்தவனைப் பற்றியும் அவன் சொன்ன கதையைக் கேட்டு ஜெகதீசன் வயிறு வலிக்கச் சிரித்தான். கரைக்கு வரும்வரை சிரித்தான். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் அவனுக்குச் சோறு இறங்குவதில்லை.

பத்து நாளில் பகலவன் தனியாகவே கடை ஜன்னலுக்குப் போக ஆரம்பித்தான். பங்குனியில் செத்துப்போனான். வயது நாற்பத்தேழு.

சாவுக்குப் பிறகு ஜெகதீசன் தினமும் வலையில் வந்த நல்ல மீனைத் தனியாக எடுத்து ஜெயஸ்ரீ வீட்டுக்குக் கொடுத்தனுப்பாமல் தானே கொண்டுபோய்க் கொடுத்தான். ஓட்டுக்கூரையில் ஒழுகல் என்றால் ஏறிச் சரிசெய்தான். அவள் "அண்ணா, குந்து, நாஸ்டா துன்னுட்டுப் போ," என்று தட்டு வைப்பாள். குப்பமே அவனைப் பாராட்டியது. "தோஸ்துன்னா ஜெகா மாதிரி இருக்கணும்பா" என்று டீக்கடையில் சொல்லும்போது அவன் தேள் கொட்டிய திருடனாக டீயை உறிஞ்சுவான்.

இதோடு போயிருந்தால்கூட அவன் இந்தப் பாரத்தைச் சுமந்தே காலத்தை ஓட்டியிருப்பான். மனுஷனால் எதைத்தான் சுமக்க முடியாது? ஆனால் ஆடி மாதத்தில் ஒருநாள், சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டே ஜெயஸ்ரீ ஒரு விஷயம் சொன்னாள்.

"நான்தான்ணா அவர கொன்னேன்."

ஜெகதீசன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான்.

"போட்டுல வலை கல்லுல மாட்டிச்சே, அன்னிக்கு விடிகாலையில. அவரு பாட்டுக்கு வாயத் தொறக்காம கெளம்பினு இருந்தாரு. எனக்கு ஆத்திரம். எத்தினி மாசந்தான் சொவுத்தோட பேசறது? 'நீ குடிச்சிக்கினு இருந்தப்பவே தேவல, அப்பவாச்சும் வாயத் தொறந்து ரெண்டு வார்த்த பேசுவே'ன்னு சொல்ட்டேன். திரும்பிப் பாத்துட்டுப் போனாரு. அன்னிக்கு வந்தப்ப வாயில வாட. என் வாயால சொன்னேன், அவரு செஞ்சிட்டாரு."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். தட்டில் கை வைத்திருந்தவன் சட்டென்று எழுந்து சொல்லியிருக்க வேண்டும். ஜெகதீசன் சொன்னது "அப்டியெல்லாம் நெனைக்காதே ஜெயா" என்பதுதான். சொல்லிவிட்டு மீதிச் சோற்றையும் சாப்பிட்டான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவன் நெஞ்சு குறுகுறுத்துக்கொண்டே அடுத்த எட்டு மாதமும் அவள் வீட்டில் நாஸ்டா சாப்பிட்டது.

இப்போது, கடையிலிருந்து வந்து, பிராந்தியை ஸ்டீல் பாட்டிலுக்கு மாற்றி, மூடியை இறுக்கிக்கொண்டு படையல் ஏற்பாடு என்ன ஆயிற்று என்று பார்க்க அவன் ஜெயஸ்ரீ வீட்டுக்குப் போனான். வாசலில் புது வேட்டியும் இலைக்கட்டும் இருந்தன. உள்ளே அவள் உளுந்து ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் ரெடி பண்ணிட்டேன்ணா. மாமா வந்து படைப்பாரு."

"பொன்னுரங்கம் அண்ணனா? நீதானே படைக்கணும்?"

"நான் எப்டி படைக்கறது?" ஜெயஸ்ரீ நிமிராமலேயே சொன்னாள். "என் வாயால போனவருக்கு என் கையால சோறு வெச்சா அவரு வந்து துன்னுவாரா? நான் அந்தப் பக்கமே வரல. வூட்லயே குந்திக்கிறேன். மாமா கிட்ட சொல்ட்டேன்."

பத்தொன்பது வருஷம் பகலவனோடு குடும்பம் நடத்தியவள். அவனுடைய வாந்தியைக் கழுவியவள், ஆஸ்பத்திரித் தரையில் பன்னிரண்டு நாள் படுத்தவள். அவனுடைய முதல் வருஷ இலைக்குத் தான் அருகதை இல்லாதவள் என்று முடிவுகட்டி, உளுந்து மட்டும் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். ஜெகதீசன் இடுப்பில் பாட்டில் நிறைந்து கனத்தது. திரும்பி வந்துவிட்டான்.

வீட்டில் செல்லம்மா சோறு போட்டாள். தொடவில்லை. "இன்னாய்யா ஆச்சு? தோஸ்து நெனப்பா?" என்றாள். ஆமாம் என்றான்.

காலையில் கடலோரத்தில் படகுகளுக்கு நடுவே மணலைக் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் இன்னும் வரவில்லை. வேறு ஆள் கிடைக்காததால் ஜெயஸ்ரீயே இலைகளையும் பாத்திரங்களையும் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்பிப் போகத் தயாராக இருந்தாள். ஜெகதீசன் அவளை மறித்துக்கொண்டு நின்றான்.

"ஜெயா, அவன் உன் பேச்சால குடிக்கல."

"ஆறுதல் சொல்லாதணா. ஒரு வருசமா எல்லாரும் அத்தத்தான் சொல்றாங்கோ."

"ஆறுதல் இல்ல. அன்னிக்கு போட்டுல நான்தான் குடுத்தேன்."

ஜெயஸ்ரீ அவனை ஒருகணம் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "கல்லுல மாட்டின வலைய எடுக்க முங்கினாருன்னு சொன்னியே. குளுருல நடுங்கியிருப்பாரு. ஒரு மூடி குடுத்திருப்பே. யாரா இருந்தாலும் குடுப்பாங்கோ. அத்த நீ மனசுல வெச்சிக்காத."

அவளே ஒரு வழி திறந்துவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டு அதன் வழியாகப் போயிருந்தால் போதும்; ஆயுசுக்கும் அவன் அண்ணன், அவள் தங்கை. ஜெகதீசனுக்கு அப்படிப் போய்விட வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் குளிருக்குக் கொடுத்தான் என்றால், பகலவன் அதோடு ஏன் நிற்கவில்லை, பத்து நாளில் ஏன் கடைக்குப் போனான் என்று அவள் யோசிப்பாள். யோசித்துத் தன் வாயிடமே மறுபடி வந்து நிற்பாள். பாதி உண்மை அவளைக் காப்பாற்றாது.

"நான் எப்பவும் இன்னா எடுத்துக்கினு போவேன், உனக்குத் தெரியுமே," என்றான்.

"ரம்மு. அவருக்கு அந்த வாட ஆவாதுன்னு."

"அன்னிக்கு ரம்மு இல்ல. மொத நாள் சாயங்காலமே கடையில கேட்டு பிராந்தி வாங்கினேன்."

குடிகாரனோடு பத்தொன்பது வருஷம் வாழ்ந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கையிலிருந்த சொம்பை மெதுவாக மணலில் வைத்தாள்.

"மொத நாளேவா?"

"ஆமா."

"அப்ப நானு பேசறதுக்கு மின்னாடியே."

"ஆமா."

"உனுக்கு ஒண்டியா குடிக்க முடியல. அதுக்கோசரம்."

"அவன் பேசுவான்னு, ஜெயா. பழைய மாதிரி பேசுவான்னு. நான் வேணுன்னேதான் வாங்கினேன். உன் மேல ஒரு குத்தமும் இல்ல."

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவன் காத்திருந்தான். அப்படிச் செய்திருந்தால் அவனுக்குக்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவள் சாதாரணக் குரலில் சொன்னாள்:

"ஒரு வருசமா இத்த வெச்சிக்கினு என் வூட்ல சோறு துன்னியேணா."

அவளே அடுத்ததைக் கேட்டாள்.

"நீ நீட்டின ஒடனே வாங்கிக் குடிச்சாரா?"

"இல்ல."

"எத்தினி தபா வேணான்னாரு?"

ஒரு தடவை என்று சொன்னால் தன் பாவம் கொஞ்சம் குறையும். அந்த ஆசையும் ஒருகணம் வந்து போனது.

"மூணு தபா."

"கடைசி தபா இன்னா சொன்னாரு?"

இதுதான் அவன் யாரிடமும் சொல்லாதது. கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "'வேணா மாமு. ஜெயா கோவமா கீறா. இத்தயும் குடிச்சிட்டுப் போய் நின்னா அவ தாங்கமாட்டா'ன்னான். நான்தான், ஒரு மூடிக்கு அவளுக்கு எப்டித் தெரியும்னு சொல்லி, அவன் கையப் புடிச்சி மூடிய வெச்சேன்."

ஜெயஸ்ரீ அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று ஜெகதீசனுக்குப் புரிந்தது. தன்மேல் கோபித்துக்கொண்டு செத்தான் என்று ஒரு வருஷமாக அவள் நினைத்திருந்த புருஷன், தன் பெயரைச் சொல்லி மறுத்திருக்கிறான். அதை அவளிடமிருந்து ஒரு வருஷம் ஒளித்து வைத்திருந்தவன் எதிரில் நிற்கிறான். அவன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

பொன்னுரங்கமும் மற்றவர்களும் பேசிக்கொண்டே வந்துசேர்ந்தார்கள். இலை போட்டு, இட்லியும் வடையும் வறுத்த வஞ்சிரமும் வைத்தாகிவிட்டது; சோறு மட்டும் பாக்கி. ஜெயஸ்ரீ அழுத முகத்தோடு அங்கேயே இருப்பதைப் பார்த்துப் பொன்னுரங்கம் ஒன்றும் கேட்கவில்லை. வருஷத் திதியில் அழாமல் வேறெப்போது அழுவது?

"இன்னா ஜெகா, கொண்டாந்தியா?" என்று கையை நீட்டினார். ஜெகதீசன் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "பிராந்தி. என் தம்பி சரக்கு," என்று கண்கலங்கியபடி இலைக்குப் பக்கத்தில் வைக்கக் குனிந்தார்.

"மாமா, அத்த வெக்காதீங்க."

ஜெயஸ்ரீ எழுந்து வந்து இலைக்கு எதிரில் நின்றாள்.

"அவனுக்குப் புடிச்சதும்மா. வெக்கலன்னா மனசு கேக்காது."

"மூணு தபா வேணான்னாரு மாமா. நாலாவது தபா நான் சொல்றேன். வேணா."

பொன்னுரங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவள் குரலில் இருந்ததைக் கேட்டு மூடியை மூடி, பாட்டிலை ஜெகதீசனிடமே நீட்டிவிட்டார். ஜெயஸ்ரீ யாரையோ அனுப்பிப் பெட்டிக்கடையிலிருந்து ஒரு பன்னீர் சோடா வாங்கிவரச் செய்தாள். அதை உடைத்து இலையோரம் வைத்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, முதல் பிடி சோற்றை அவளே எடுத்துப் புருஷனுக்கு வைத்தாள்.

படையல் முடிந்து எல்லாருக்கும் இலை போட்டார்கள். பேர் சொல்லி ஒவ்வொருவரையும் ஜெயஸ்ரீ உட்காரச் சொன்னாள். ஜெகதீசன் பெயரைச் சொல்லவில்லை. அவன் கொஞ்ச நேரம் படகோரமாக நின்றிருந்தான். அப்புறம் நிரம்பிய பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுப் பக்கமாக நடந்தான்.